‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம்

எங்கள் வெப்சைட்டில் நான்கு பக்கங்கள் உண்டு. முதல் பக்கத்தில் சாப்பாட்டின் படம், இரண்டாவதில் விலை, நான்காவதில் ஆர்டர் படிவம். இந்த மூன்றும் உண்மை. மூன்றாவது பக்கத்துக்கு ‘எங்களைப் பற்றி’ என்று பெயர். அது பொய். அந்தப் பொய்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எதையும் பூசி மெழுகிப் பேசுவது என் வழக்கமில்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் செய்துவிட்டேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புனேயில் விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். நான் செய்து விற்பது பத்தியச் சாப்பாடு. பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்களுக்கு. வேலைக்காக இங்கே வந்தவர்களில் பல பேருக்குப் பிரசவமும் இங்கேயே ஆகிவிடுகிறது. ஊரிலிருந்து அம்மா வருவதற்குத் தாமதமாகும், அல்லது வந்த அம்மாவுக்கு முட்டி வலி வந்துவிடும், அல்லது வர முடியாமலே போகும். அப்படிப்பட்டவர்களுக்குப் பூண்டுக் குழம்பு, பிரண்டைத் துவையல், சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டு எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் வைக்கும் செலவு ரசம், கேட்பவர்களுக்குக் கருவாடு. காலை பதினோரு மணிக்குள் எவர்சில்வர் கேரியர் அவர்கள் கதவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எத்தனையோ சாப்பாடு இருக்க இதை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், எனக்கு அது கிடைக்கவில்லை என்பதால்தான்.

என் கணவனும் நானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். சாதி வேறு. பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த அன்று அப்பா, “எனக்குப் பொண்ணே இல்ல” என்றார். சொன்னதோடு நிற்காமல் அப்படியே இருந்தும் காட்டினார். அவன் வீட்டிலும் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடம் நான் உண்டானேன். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போனால், பிள்ளையோடுதான் திருப்பி அனுப்புவார்கள். எனக்கும் ஏழாம் மாதம் வந்தது, எட்டாம் மாதமும் வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் மாதத்துக்கு ஒரு முறை அம்மா ஃபோன் செய்வாள். சாப்பிட்டாயா, பார்த்து நட, வைக்கிறேன். ஒரே ஒரு தடவை, “வர்றயாம்மா?” என்று கேட்டேன். “உங்கப்பா…” என்று ஆரம்பித்தவள் அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த ‘உங்கப்பா’வை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா வர நினைத்தாள், அப்பா விடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் எட்டு வருடம் ஓட்டினேன். கோபத்தையெல்லாம் அப்பாவின் தலையில் கட்டிவிட்டு, அம்மாவின் மேல் ஒரு தூசி படாமல் பார்த்துக்கொண்டேன். அவள் மேல் கோபப்பட ஆரம்பித்தால் எனக்கென்று யாருமே மிச்சமிருக்க மாட்டார்கள் என்று பயம்.

என்னைப் பார்த்துக்கொண்டது கீழ் வீட்டுக் காக்கு. மராத்தியில் காக்கு என்றால் சித்தி. முனிசிபல் பள்ளியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், என் கணவன் கடையில் வாங்கிய பாவ்பாஜிப் பொட்டலத்தோடு படியேறுவதைப் பார்த்திருக்கிறார். “பாளந்தீணிக்கா இது?” என்று கேட்டு அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பாளந்தீண் என்றால் பிள்ளை பெற்றவள். ஒரு மணி நேரத்தில் கம்பு ரொட்டியும், சதகுப்பைக் கீரைப் பொரியலும், ஆளி விதைச் சட்னியும் தட்டில் வந்தன. கூடவே கோந்தும் உலர்ந்த பேரீச்சையும் போட்ட லட்டு. அந்தக் கீரையின் வாசனை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காக்கு பக்கத்திலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து நாற்பது நாள் காக்குதான். இடுப்பில் வெந்நீர் ஊற்றியது, தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து என் வயிற்றில் இறுக்கிக் கட்டியது, குழந்தைக்கு எண்ணெய் நீவியது எல்லாம். எனக்குத் தையல் பிரிந்து காய்ச்சல் வந்தபோது, டாக்டரிடம் என்னை ஆட்டோவில் அழைத்துப் போனதும் அவர்தான். மார்பில் பால் கட்டிக்கொண்டு நான் “அம்மா, அம்மா” என்று கத்தியபோது, “ரடூ நகோஸ், ரடூ நகோஸ்” என்று தலையைத் தடவினார். அழாதே என்று அர்த்தம். நான் கூப்பிட்டது அவரை அல்ல என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். அம்மா என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்தச் சாப்பாட்டுத் தொழிலைத் தொடங்கினேன். வெப்சைட்டை என் கணவன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கட்டினான். அவனுக்கு ஹடப்சரில் ஐ.டி. வேலை என்றாலும் வெப்சைட் கட்டுவது அவன் துறையில்லை. மலிவாக ஒரு ரெடிமேட் டிசைனை வாங்கினான். அது ஏதோ வெளிநாட்டு அழகு நிலையத்துக்குச் செய்தது போலிருக்கிறது. எவ்வளவு மாற்றியும் ஓரத்தில் ஒரு நகப்பூச்சு பாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. முதல் பக்கத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி வெள்ளைக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பூண்டுக் குழம்பைப் பற்றி என்ன தெரியும்?

பதினோரு மாதம் ஈ ஓட்டினோம். விளம்பரத்துக்குக் கொஞ்சம் செலவழித்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா?” என்றார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவர் கூட வரவில்லை. வந்த இரண்டொரு ஆர்டரும் ஊரின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. கொண்டுபோய்க் கொடுப்பவருக்குப் பெட்ரோல் போட்டே கையைக் கடித்தது. மூடிவிடலாம் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது.

அவன் விடவில்லை. ஒவ்வொன்றாகச் சரி செய்தான். நாற்பத்திரண்டு அயிட்டம் இருந்த பட்டியலை எடுத்துவிட்டு, பத்து நாள், இருபத்தொரு நாள், நாற்பது நாள் என்று மூன்றே திட்டம் வைத்தான். வாரத்துக்கு முன்பணம். ஔந்த் பக்கம் ஒரு வண்டி, ஹடப்சர் பக்கம் ஒரு வண்டி, மற்ற இடத்துக்கெல்லாம் கிடையாது. வெள்ளைக்காரியைத் தூக்கிவிட்டு, எங்கள் சமையலறை ஜன்னலோரம் கேரியரை வைத்து ஃபோனில் எடுத்த படத்தைப் போட்டான். நகப்பூச்சு பாட்டில் எப்படியோ ஒழிந்தது. விசாரிப்புகள் வர ஆரம்பித்தன. ஆனால் ஆர்டராக மாறவில்லை.

யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள், எங்கிருந்து வெளியே போகிறார்கள் என்று பார்க்க வழியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

“எல்லாரும் வெலையப் பாக்கறாங்க. பாத்துட்டு ஓடிப் போகல. ‘எங்களைப் பற்றி’க்குப் போறாங்க. அங்கிருந்துதான் வெளிய போயிடறாங்க.”

“அங்க என்ன இருக்கு?”

“அதான். ஒண்ணுமே இல்ல. பச்ச உடம்புக்காரி, யாரு கையால சாப்படப் போறோம்னு பாக்க வர்றா. நீ அங்க ‘தரமான, சுகாதாரமான உணவை அன்புடன் வழங்குகிறோம்’னு எழுதி வெச்சிருக்க. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்லயும் அதையேதான் எழுதியிருப்பான். உன்னைப் பத்தி எழுது.”

மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். காக்குவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இது சத்தியம். ‘எனக்குக் குழந்தை பிறந்தபோது’ என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். கம்பு ரொட்டியும் சதகுப்பைக் கீரையும் சாப்பிட்டுத் தேறியவளிடம் யார் வந்து செலவு ரசம் வாங்குவார்கள் என்று ஒரு வியாபாரக் கணக்கு மனதில் ஓடியது. அது மட்டும்தான் காரணம் என்றால் இவ்வளவு குறுகுறுப்பு இருக்காது. அடுத்த வார்த்தையாக ‘அம்மா வந்தாள்’ என்று எழுதினேன். 

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தனியாக ரயிலேறி வந்தாள். பை நிறையச் சுக்கும் பனைவெல்லமும் மலைப்பூண்டும் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றியவுடனே குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், ‘இளச்சுட்டயே கண்ணு’ என்றாள். வெந்நீர் ஊற்றினாள். தன் பழைய புடவையைக் கிழித்து வயிற்றில் கட்டினாள். காக்கு செய்தது ஒவ்வொன்றையும் எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். லட்டைக்கூட விடவில்லை. கீரையை மட்டும் பூண்டுக் குழம்பாக மாற்றிக்கொண்டேன். நாற்பது நாள் இருந்துவிட்டுப் போகும்போது பக்குவமெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று முடித்தேன். எழுதும்போது அழுதேன், ஆனால் துக்கத்தில் இல்லை. அந்த ஒரு மணி நேரம் நான் அம்மா வந்து பார்த்துக்கொண்ட பெண்ணாக இருந்தேன். அப்படி இருப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் கணவன் படித்தான். 

“காக்கு?” என்றான்.

“அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. போடு.”

இதைச் சொன்னவள் நான்தான். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பக்கத்தைப் போட்ட முதல் வாரமே ஆர்டர் வந்தது. பிறகு நிற்கவில்லை. அதுவும் எல்லாருக்கும் நாற்பது நாள் திட்டம்தான் வேண்டும். மூன்றாம் மாதம், கேஸுக்கும் வண்டிக்கும் கரண்டுக்கும் போக முதல் தடவையாகக் கையில் நின்றது. பழைய பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். சின்ன வெப்சைட்டை லாபத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று என் கணவனின் ஆபீஸ் நண்பர்கள் அவனிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். திட்டங்களைக் குறை, வண்டி ஓடும் தூரத்தைக் குறை, சொந்தமாகப் படம் எடு என்று சொல்லிக்கொண்டே வருவான். கடைசி விஷயத்துக்கு வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வான்.

பெண்கள் எனக்கு மெசேஜ் அனுப்புவார்கள். ‘உங்க அம்மாவப் பத்திப் படிச்சு அழுதுட்டேன்க்கா.’ ‘எங்கம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்.’ ஹடப்சரிலிருந்து ஒருத்தி, பால் சரியாகச் சுரக்கவில்லை என்று தவித்தவள், “அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசலாமாக்கா?” என்று கேட்டாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அழாமல் இருக்கச் சொன்னாள் என்றேன். அவள் நிஜமாகவே ஆறுதலடைந்தாள். ஒரு பொய்யைத் தாங்க இன்னொன்று, அதைத் தாங்க வேறொன்று என்று அம்மாவை அடுக்கிக்கொண்டே போனேன்.

நிஜமான அம்மா அப்போது கோயம்புத்தூரில் அண்ணனின் ஃபிளாட்டில் இருந்தாள். அப்பா தவறி இரண்டு வருடமாகியிருந்தது. சாவு வீட்டுக்கு நான் போனேன், ஓரமாக நின்றேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதோடு பழையதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பேசுவாள். இங்கே வா என்றால் முட்டி வலி என்பாள், அண்ணன் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பாள். அண்ணன் குடியிருப்பது வேறு பேட்டை. அங்கே யாருக்கும் எங்கள் வீட்டுப் பழங்கதை தெரியாது. என் தொழிலைப் பற்றி அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. அண்ணன் கட்டடத்து மூன்றாவது மாடி அம்மாவின் பெண் இங்கே ஔந்தில் இருக்கிறாள், அவளுக்குப் பிரசவ நேரம் என்று தெரிந்ததும், “என்ற பொண்ணுகிட்டச் சொல்லுங்க” என்று வெப்சைட் பெயரைக் கொடுத்தவளே அம்மாதான்.

அம்மா எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் காலையிலேயே ஃபோன் வந்தது. கேரியர்கள் கிளம்பிப் போயிருந்தன. நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணு, வேலையா இருக்கறயா?”

“இல்லம்மா, சொல்லு.”

“மூணாவது மாடியம்மா வந்திருந்தாங்க. அவங்க பொண்ணு என்னமோ அனுப்பிச்சுதாம். ஃபோன்ல படிச்சுக் காட்டுனாங்க. அப்பறம் நானே வாங்கி, கண்ணாடி போட்டுட்டு ரண்டு தடவ படிச்சேன்.”

“எதம்மா?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன.

“நான் வந்தது.”

கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “அது சும்மா வியாபாரத்துக்கும்மா,” என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“சுடுதண்ணி நாந்தான் ஊத்துனனா?”

“அம்மா…”

“வகுத்துக்குத் துணி கட்டுனது?”

துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன்.

“யாரு கண்ணு செஞ்சது அதெல்லாம்?”

எட்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டதேயில்லை. நானும் சொன்னதில்லை. “கீழ் வீட்டுல ஒரு மராட்டியம்மா இருக்காங்க,” என்றேன்.

“நல்லா இருக்கட்டும்,” என்றாள் அம்மா. 

எனக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அவளைக் குத்திக் காட்டத்தான் அதை எழுதினேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று பதறினேன். அதனால் என்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்து அவளிடம் நீட்டினேன். “உன்னைய நான் ஒரு நாளும் தப்பா நெனைக்கலம்மா. அப்பா விட்டிருந்தா நீ வந்திருப்பேன்னு எனக்குத் தெரியும்.”



“உங்கப்பா வேண்டாம்னு சொல்லல கண்ணு.”

“என்னது?”

“நான் கேக்கவே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன்.

“கேக்கோணும்னுதான் நெனச்சேன். உங்கப்பா பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. காப்பி கொண்டுபோய் வெச்சுட்டு நின்னேன். கேக்கல. அடுத்த நாளும் கேக்கல. அப்புடியே நாள் போயிருச்சு. ஒருக்கா அவரே கேட்டாரு, என்ன கொழந்தன்னு. பொண்ணுன்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.”

“கேட்டிருந்தா?”

“தெரியலியே கண்ணு. போன்னாலும் சொல்லியிருப்பாரு.”

“அப்பறம் ஏம்மா கேக்கல?”

“போன்னு சொல்லிட்டாருன்னா போகோணுமே.” அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். “எனக்குப் பயம். அத்தன தூரம் ரயில்ல தனியா வரோணும். அங்க அவங்க ஊட்டு ஆளுக இருப்பாங்க, என்னன்னு பேசறது. உன்ற மூஞ்சிய எப்புடிப் பாக்கறது. உங்கப்பா விடலைன்னு நீயே நெனச்சுட்டு இருந்த. அது அப்புடியே இருக்கட்டும்னு இருந்துட்டேன்.”

அப்பா மேல் நான் போட்ட பழியெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் படத்துக்கு முன்னால்கூட நான் கும்பிட்டதில்லை. பெண் குழந்தை என்று தெரிந்துகொள்ளவாவது அந்த மனிதர் கேட்டிருக்கிறார். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்கும் ஒரு வேளை யாராவது காப்பி வைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டியிருந்திருக்கும். அவர் கேட்ட அன்றைக்கு அம்மா நிற்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு ஏதோ.

“தையல் பிரிஞ்சு காச்சல்ல கெடந்தேன்மா.”

“அதுல அது இல்லியே,” என்றாள் அம்மா. “நான் ரண்டு தடவ படிச்சேன். அதுல அது எழுதல நீ.”

எப்படி எழுதுவேன்? அவள் பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு அது வந்திருக்காதே.

இன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை, வெறுப்பில் சொன்னேன். எனக்கு அந்த நிமிடம் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“எடுத்துராத கண்ணு,” என்றாள் அவசரமாக.

“ஏன்?”

“இங்க எல்லாரும் படிச்சுட்டாங்க. கீழ நடக்கப் போனா நிறுத்தி நிறுத்திப் பேசறாங்க. பெத்தா இப்புடி ஒரு பொண்ணப் பெக்கோணும்ங்கறாங்க. அம்மான்னா இப்புடி இருக்கோணும்னு அவங்கவங்க மருமகளுககிட்டச் சொல்றாங்களாம். எத்தன நாள் இருந்தீங்க பூனாவுலன்னு கேட்டாங்க. உங்க அண்ணி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. அவ ஒண்ணும் சொல்லல.”

“நீ என்ன சொன்னே?”

“இருந்தேன்னு சொன்னேன்.”

ஃபோனை வைத்த பிறகு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இவ்வளவு நாள் நான் காப்பாற்றி வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதைக் கொடுத்தவளே திருப்பி வாங்கிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்த அம்மாவை மன்னிக்கலாம் என்று வாயால் சொல்வது சுலபம். என் மகள் அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்ற முடியவில்லை என்று காலை நீட்டினாள். குனிந்து கழற்றும்போது, இவளுக்கு ஒன்று என்றால் நான் யாரிடம் கேட்டுக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் காக்குவின் வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியும் ஹிந்தியும் கலந்து, வெப்சைட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று முழுக்கச் சொன்னேன். வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். நான் முடித்ததும் சிரித்தார். மராட்டிக்காரி கதையைச் சொன்னால் உன் மதராஸிக்காரர்கள் வாங்குவார்களா, சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றார். எல்லாரும் அம்மாவைத்தான் நினைப்பார்கள், அது தப்பா என்றார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது என்றே நினைத்தேன். எழுந்திருக்கும்போது கேட்டார், “லட்டும் உன் ஆயிதான் செய்தாள் என்று எழுதினாயா?”

ஆயி என்றால் அம்மா. ஆமாம் என்றேன்.

கீரையைப் பார்த்தபடியே, “லாடூ தரி மாஜே டேவ்,” என்றார். லட்டையாவது என்னுடையதாக வை.

மேலே வந்ததும் அந்த மாற்றத்தைச் செய்தேன். ‘கோந்து லட்டு செய்து கொடுத்தது எங்கள் கீழ் வீட்டுக் காக்கு’ என்று ஒரு வரி. அதன் பிறகு இரண்டு மூன்று பகல் வேளைகளில் முழுப் பக்கத்தையும் திருத்த உட்கார்ந்தேன். ‘அம்மா வரவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த வரி வரவேயில்லை. உன் இஷ்டம், வியாபாரம் படுத்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றான் என் கணவன். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட்டின் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கப் போகும் ஒருத்தியை நாலு பேர் நிறுத்தி என்ன கேட்பார்கள் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அழித்துவிட்டு மூடினேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா கூப்பிட்டாள். வழக்கம்போல் சாயங்காலம். மகளைப் பற்றிக் கேட்டாள், மழை எப்படி என்று கேட்டாள். நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கண்ணு, மூணாவது மாடியம்மாவோட சம்பந்தி வந்திருந்தாங்க. நாப்பது நாளும் கூடவே இருந்தீங்களான்னு கேட்டாங்க. இருந்தேன்னுட்டேன். நாப்பதுதானே?”

“ஆமாம்மா,” என்றேன். “நாப்பது நாளும் கூடவே இருந்தே.”